ஏழாவது தழும்பு

அத்தியாயம் 9

"சட்டையைத் தூக்கு," என்றான் கம்பவுண்டர் கண்ணையன்.

பாண்டுரங்கன் தூக்கினான். பரோட்டாவும் பாயசமும் போட்டு நாற்பது வருஷமாக ஆசை ஆசையாய் வளர்த்த வயிறு அது. விழுப்புரம் திண்டிவனம் பஸ்ஸில் அவன் கண்டக்டராக இருந்த காலத்தில், முதல் ஸ்டாப்பிங்கில் வயிறு ஏறும், அடுத்த ஸ்டாப்பிங்கில்தான் ஆள் ஏறுவான் என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். அப்பேர்ப்பட்ட வயிற்றை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஊதா மையால் விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தான் கண்ணையன். மை சில்லென்று இருந்தது. பாண்டுரங்கனின் உயிர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் பயந்துபோய் முதுகுப் பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது.

"இன்னா சார் இது? எல்லைக் கோடா?"

"சாயந்திரம் இங்கதான் ஆபரேஷன். இனிமே ஒன்னும் துன்னாதே."

"காலையில துன்னுட்டனே."

"இன்னா துன்ன?"

"நாலு இட்லி, ஒரு பொங்கல், ரெண்டு வடை. பயத்துல பசியே இல்ல சார். இல்லன்னா ஒழுங்கா சாப்பிட்டிருப்பேன்."

கண்ணையன் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் சிரிப்பு வந்து நிற்க ஒரு ஸ்டாப்பிங்கே கிடையாது. மைப் புட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான்.

பாண்டுரங்கன் கண்ணை மூடி, துப்பறியும் தொழிலைக் கண்டுபிடித்தவன் எவனோ அவனை ஏழு தலைமுறைக்குச் சபித்தான்.

எல்லாம் ஹைகோர்ட் தீர்ப்பால் வந்த வினை.

திண்டிவனத்தில் மூட்டை தூக்கும் அந்தோணிசாமி என்பவர் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, நல்லாயுள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் செலவுப் பணம் கேட்டார். 'உனக்கு அது பழைய வியாதி. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்தது' என்று கையை விரித்தது கம்பெனி. கம்பெனி அப்படிக் கையை விரிப்பது புதிதல்ல. விரித்து விரித்தே அதன் கைக்குச் சுளுக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் அழுதுவிட்டுப் போவார்கள். அந்தோணிசாமி அழாமல் மெட்ராஸுக்குப் போனார். ஹைகோர்ட் நீதிபதி ஒரே போடாகப் போட்டார்: "பிரீமியம் வாங்கும்போது வயிற்றைப் பார்க்காதவர்கள், பணம் கொடுக்கும்போது மட்டும் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. தழும்பு இருக்கிறது. பணத்தைக் கொடுங்கள்."

தென்னாற்காடு ஜில்லா முழுக்க அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியது. கூட்டேரிப்பட்டில் ஒருவர் சந்தோஷத்தில் இல்லாத வியாதிக்கெல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்டார் என்று கேள்வி.

கொண்டாட்டம் அடங்குவதற்குள், திண்டிவனம் மரக்காணம் ரோட்டில், மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், எண்ணெய் ஆட்டி மூடிப்போன மில்லுக்குப் பின்னால் திடீரென்று முளைத்த கற்பகப்பூ நர்சிங் ஹோமிலிருந்து வரிசையாக அப்பெண்டிக்ஸ் கேஸ்கள் வந்து விழ ஆரம்பித்தன. அதைச் சொல்லிக்கொண்டுதான் அன்று காலை, நல்லாயுள் கம்பெனியின் விழுப்புரம் மேனேஜர் சீனுவாசன், ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் இருக்கும் தையல்நாயகியின் துப்பறியும் ஆபீசுக்கு வந்தார்.

தையல்நாயகி பல வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். 'ஹலோ' என்று நீங்கள் சொல்வதற்குள் உங்கள் பெண்டாட்டியோடு நேற்று என்ன சண்டை என்று சொல்லிவிடுவாள். அன்று அவளுக்கு ஜலதோஷம். மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

சீனுவாசன் உள்ளே வந்ததும் வராததுமாக, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாட்டில் மூடிமேல் ஒரு எலுமிச்சம்பழம்.

"உடம்பு சரியில்லன்னு கீழ சைக்கிள் கடையில சொன்னாங்கம்மா. நோவுல இருக்கறவங்களைப் பார்க்க வெறுங்கையோட போகக் கூடாது பாருங்க. அதான் ஓடிப் போய் வாங்கியாந்தேன்."

"எலுமிச்சம்பழம் எதுக்கு சார்? ஹார்லிக்ஸுக்கு ஊறுகாயா?" என்றான் பாண்டுரங்கன்.

"கண்ணு படாம இருக்கத்தான். எங்க அம்மா பழக்கிவிட்டது. கை தானா வெச்சுடும்." சீனுவாசன் பணிவாகச் சிரித்தார். பிறகு முகத்தைத் துக்க வீட்டு முகமாக மாற்றிக்கொண்டார். "திங்கட்கிழமை அப்பீல் வருதும்மா. ரெண்டு ஜட்ஜுங்க உக்காருவாங்க. இந்தத் தீர்ப்பை வெச்சிக்கினு ஊரே கொள்ளையடிக்குதுன்னு நீங்க நிரூபிச்சுக் குடுத்தாப் போதும். தீர்ப்பு நிக்காது."

"நிக்கலன்னா?" என்றாள் தையல்நாயகி.

"பழையபடி, யாருக்குக் குடுக்கணும்னு நாங்களே பார்த்துக் குடுப்போம்."

"குடுக்காமலும் இருப்பீங்க," என்றான் பாண்டுரங்கன்.

சீனுவாசன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நர்சிங் ஹோம் பக்கமே தான் போனதில்லை என்றும், அந்த வீதி எந்தத் திசை என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் தையல்நாயகி பாண்டுரங்கனின் வயிற்றைப் பார்த்தாள். கசாப்புக் கடைக்காரன் பார்க்கிற பார்வை.

"ஏம்பா, போன மாசம் உன் பேருக்கு அந்தக் கம்பெனி பாலிசி ஒன்னு எடுத்துக் குடுத்தேனே. அட்டையை வெச்சிருக்கியா?"

"யக்கா! வேணாம்க்கா!"

"நீ போய் வயித்து வலின்னு படு. அவ்ளோதான். காகிதத்துல ஆபரேஷன் பண்றவனுங்க உன்னைத் தொடக்கூட மாட்டானுங்க."

"தொட்டுட்டா?"

"சாயந்திரத்துக்குள்ள நான் வந்துடுவேன்."

அந்தத் தைரியத்தில்தான் பஸ் ஏறினான். கற்பகப்பூவில் கண்ணையன், எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. பாலிசி அட்டை இருக்கிறதா என்றுதான் கேட்டான். அட்டையில் கம்பெனி முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு, பேரைக்கூடப் படிக்காமல், தானாகவே வலியைக் கண்டுபிடித்துக்கொண்டான். இப்போது வயிற்றில் கோடும் போட்டாகிவிட்டது.

பாண்டுரங்கன் கண்ணைத் திறந்தான். மாடியில் நீளமான ஒரே அறை. ஏழு கட்டில். ஒரு மூலையில் பச்சைத் துணித் தடுப்பு. கீழே மில்லிலிருந்து பழைய பிண்ணாக்கு நாற்றம் ஏறி வந்துகொண்டிருந்தது. அதோடு போட்டி போட்டுக்கொண்டு டெட்டால் வாசனை. ஆறு கட்டிலிலும் ஆள் இருந்தது! காகிதத்தில் மட்டும் இருக்க வேண்டிய ஆட்கள், கை கால் மீசையோடு படுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு சின்ன ஸ்டூல். ஸ்டூலில் ஹார்லிக்ஸ் பாட்டில், காய்ந்துபோன எலுமிச்சம்பழம், டம்ளர். பயத்தில் இருந்த பாண்டுரங்கன் டம்ளரை மட்டும் கவனித்தான். அதில் ஈ விழுந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பெரிய மீசைக்காரர் ஒருவர்.

"நீங்க எந்த ஊரு அண்ணே?"

"கெடார். வயித்து வலின்னு வந்தேன். மயக்க மருந்து குடுத்தாங்க. எழுந்தா ஆபரேஷன் முடிஞ்சுபோச்சு. டாக்டரு ராசிக்காரரு. முகத்தைக்கூட காட்டமாட்டாரு, அவ்ளோ அடக்கம்."

"தழும்பைக் காட்டுங்க, பார்ப்போம்."

மீசைக்காரர் பனியனைத் தூக்கினார். இடது பக்க அடிவயிற்றில் கன்னங்கரேலென்று ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். ஓரமெல்லாம் கொப்புளம் வெடித்து நீர் கசிந்தது. வயிற்றில் புள்ளி வைத்துக் கோலம் போட்டதுபோல் இருந்தது.

ஆக, நிஜமாகவே அறுக்கிறார்கள்! வலிக்காத வயிற்றை, வியாதி இல்லாத வயிற்றை, ஹைகோர்ட் தழும்பு கேட்டது என்பதற்காகத் தழும்பு செய்து கொடுக்கிறார்கள். அடுத்து அறுபடப்போகும் வயிறு எது? பாண்டுரங்கன் தன் ஊதாக் கோட்டைக் குனிந்து பார்த்தான். அதுவும் இடது பக்கம்தான் இருந்தது.

கடைசிக் கட்டிலில் யாரோ 'ர்ர்ர்' என்று மூச்சு விட்டார்கள். எட்டிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. முகம் பறங்கிக்காயாக வீங்கி, கண் இரண்டும் கோடாகி, உதடு தடித்து ஒரு மனிதர் கிடந்தார்.

"அவுரு பேரு விருத்தாசலம்," என்றார் மீசைக்காரர். "எங்க ஊர்தான். ஆபரேஷன் ஆன மறுநாள்லருந்து இப்படித்தான் கீறாரு. மருந்து ஒத்துக்கலயாம்."

பயம் வந்தால் பாண்டுரங்கனுக்கு வாய் நிற்காது. பஸ்ஸில் பிரேக் பிடிக்காதபோதும் அவன் பிரயாணிகளுக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போதும் ஆரம்பித்தான். ஆட்டுக்கு டிக்கெட் எடுக்கமாட்டேன் என்று சண்டை போட்ட பெரியவர், கடைசியில் அவர் டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டதால் ஆடு உட்கார்ந்து வந்ததும் இவர் நின்றுகொண்டே வந்ததுமான கதை. வார்டே அதிர்ந்தது. விருத்தாசலம் தவிர ஐந்து பேரும் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். சிரிப்புச் சத்தத்தில் மில்லின் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் பாண்டிச்சேரிக்கே பறந்துவிட்டன. பாண்டுரங்கனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் மாடிப்படியில் ஒப்பாரி கேட்டது.

"அடப் பாவி தம்பி! என்னை வுட்டுட்டு இங்க வந்து படுத்துக்கினு கீறியே!"

தையல்நாயகி! மூக்கு ஏற்கெனவே சிவந்திருந்ததால் அழுகைக்கு வேறு மேக்கப் தேவைப்படவில்லை. பின்னால் தேக்கு மரம் மாதிரி ஒரு ஆள்.

"இவரு அந்தோணிசாமி," என்று குனிந்து கிசுகிசுத்தாள். "கேஸ்ல ஜெயிச்சவரு. நெசத் தழும்பு எப்படி இருக்கும்னு பார்க்கலாம்னு போனேன். நானும் வர்றேன்னுட்டாரு."

"நெசத் தழும்பு எப்பிடி இருக்குன்னு நான் சொல்றேன்க்கா. கன்னங்கரேல்னு இருக்கு! வெட்டறானுங்கக்கா! வா, போயிடலாம். வவுத்துல தையல் போடறதுக்கு முன்னாடி, இந்தத் தையல்நாயகி வந்தியே, அதுவே புண்ணியம்!"

"இரு. நீ வழக்கம்போல கதை வுட்டியா இவங்ககிட்ட?"

"வுட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"இன்னாக்கா கேள்வி இது, உயிர் போற நேரத்துல? புரண்டு புரண்டு சிரிச்சாங்க."

"வயித்தைப் பிடிச்சிக்கினா?"

பாண்டுரங்கன் யோசித்தான். "இல்ல. எல்லாரும் இடது பக்கம் தழும்பைச் சொறிஞ்சிக்கினு."

தையல்நாயகி அந்தோணிசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"அறுத்த புதுசுல தும்மல் வந்தாலே 'மாதாவே'ன்னு கத்துவேன்மா. என் மச்சான் சிரிப்புக் காட்டறான்னு அவனை வாசலோட துரத்திட்டேன்."

"கேட்டியா பாண்டு? வயிறு அறுபட்டவன் உன் கதைக்கு அழுதிருப்பான். இங்க எவனையும் அறுக்கல. அப்பெண்டிக்ஸ் இருக்கறது வலது பக்கம். இங்க எல்லாருக்கும் தழும்பு இடது பக்கம்."

பாண்டுரங்கனுக்கு உயிர் முதுகிலிருந்து புறப்பட்டு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. "அப்ப என்னை வெட்டமாட்டான்?"

"மாட்டான். ஆனா ஒன்னு எனக்கு உறுத்துது. திருடன்னா தடயத்தை மறைப்பான். இவன் கண்ணில்லாதவனுக்குக்கூடத் தெரியற மாதிரி தப்புப் பக்கத்துல போட்டு வெச்சிருக்கான். எங்களை வந்து பிடின்னு கூப்பிடற மாதிரி இருக்கு." பேசிக்கொண்டே ஸ்டூல் பக்கம் திரும்பியவள், அப்படியே நின்றாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "இதை யாரு கொண்டாந்தது?"

"ஒரு புண்ணியவாளன்மா," என்றார் மீசைக்காரர். "பேரு தெரியாது. வந்தா ஒவ்வொருத்தரு தழும்பையும் தொட்டுப் பார்ப்பாரு. கண்ணு கலங்கும் அவருக்கு. போட்டோகூட எடுத்துக்கினு போனாரு."

தையல்நாயகி எலுமிச்சம்பழத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"பாண்டு, நான் ஒரு போன் பண்ணிட்டு வர்றேன். அதுவரைக்கும் எழுந்திரிக்காதே."

"யக்கா..."

"நீ எழுந்து ஓடினா கண்ணையன் கடையைக் கட்டிடுவான். இந்த ஆறு பேரும் திருடன்னு கோர்ட்டுல நிப்பாங்க. அந்தோணிசாமி ஜெயிச்சது அத்தோட போச்சு. படு."

போய்விட்டாள். திண்டிவனம் எக்ஸ்சேஞ்சில் அவள் பெயரைச் சொன்னால் ஒயர் அறுந்த போன்கூட மணியடிக்கும். போன் எளிது. இங்கே படுத்திருப்பதுதான் கஷ்டம். இருந்தாலும் வெட்டமாட்டார்கள் என்ற நிம்மதியில் பாண்டுரங்கன் கொட்டாவி விட்டான்.

கொட்டாவி பாதியில் நின்றது. கண்ணையன் வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் மயக்க மருந்து டம்ளர். இன்னொரு கையில் ஒரு சின்ன மண் சட்டி. சட்டிக்குள் கறுப்பாகப் பளபளக்கும் கொட்டைகள், குழம்பு மாதிரி ஒரு சாறு, நுனி கூராக்கிய குச்சி. சட்டியை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் பஞ்சு எடுக்கத் திரும்பினான்.

பாண்டுரங்கனின் பார்வை தற்செயலாகத் தன் கட்டில் விரிப்பின் மூலைக்குப் போனது. அங்கே சலவைக்குப் போட்டவன் வைத்த குறி. கன்னங்கரேலென்று ஒரு கோடு, பக்கத்தில் ரெண்டு புள்ளி. மீசைக்காரர் வயிற்றில் இருந்த அதே கறுப்பு!

சேராங்கொட்டை!

துணி மாறிப் போகாமலிருக்கச் சலவைக்காரர்கள் குறி வைக்கிற சேராங்கொட்டைச் சாறு. எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. தோலில் பட்டால் கொப்புளம், அப்புறம் தழும்பு. கத்தியும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆறு வயிற்றுக்கும் சலவைக் குறி போட்டு வைத்திருக்கிறான் பாவி!

மற்றவர்களுக்கு அரிப்போடு போயிற்று. பாண்டுரங்கனுக்கு? சின்ன வயதில் மண்டகப்பட்டுப் பக்கம் மாடு தேடிப் போனவன், தெரியாமல் ஒரு சேரா மரத்தடியில் ஒதுங்கினான். சாறு வேண்டாம், கொட்டை வேண்டாம், வெறும் நிழல்தான். வீட்டுக்கு வருவதற்குள் முகம் வீங்கி, பெற்ற தாயே 'யாருப்பா நீ, எந்த ஊரு?' என்று கேட்டாள். மூச்சு திணறி, பிழைத்ததே மறுபிறவி. கடைசிக் கட்டிலில் 'ர்ர்ர்' என்று இழுக்கும் விருத்தாசலத்தின் மூச்சு இப்போது பாண்டுரங்கனின் காதில் ரயிலாக ஓடியது. மருந்து ஒத்துக்கொள்ளாதது எதனால் என்று புரிந்துவிட்டது. கத்தியாவது தேவலை. கத்திக்குத் தையல் போடலாம். இதற்குப் பாடைதான்.

"மருந்தைக் குடி," என்றான் கண்ணையன்.

"சார், இன்னைக்கு இன்னா கிழமை?"

"வெள்ளி."

"மணி மூணு ஆயிடுச்சா?"

"இப்பதான் அடிச்சுது. ஏன்?"

"வெள்ளிக்கிழமை மூணுலருந்து நாலரை எமகண்டம் சார்! எமகண்டத்துல எவனாவது ஆபரேஷன் பண்ணுவானா? உங்க கைராசி இன்னாத்துக்கு ஆவும்?"

கண்ணையன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். விருத்தாசலத்தைப் பார்த்தான். ஊரை ஏமாற்றத் துணிந்தவனுக்கு எமனை ஏமாற்றத் துணிச்சல் வரவில்லை.

"சரி. நாலரைக்கு ஒரு நிமிஷம் ஆவாது," என்று சொல்லிவிட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாண்டுரங்கனுக்கு ஒன்றரை யுகம் வயதாகியது. ஊரிலுள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மொட்டை, மயிலத்து முருகனுக்குக் காவடி, பாக்கியிருந்த சாமிகளுக்கு மொத்தமாக ஒரு கும்பிடு. வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினான். யாரும் வரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. மங்கலான வெளிச்சத்தில் சட்டியில் இருந்த சாறு, கண் விழித்துப் பார்ப்பதுபோல் மின்னியது.

கீழே மில் வாசலில் யாருடைய டிரான்சிஸ்டரிலோ நாலரை மணிக்கு அறிவிப்பு வந்தது. கண்ணையன் எழுந்தான்.

"குடி."

வேறு வழியில்லை. டம்ளரை வாங்கி, வாயில் ஊற்றிக்கொண்டான் பாண்டுரங்கன். விழுங்கவில்லை. கண்ணையன் பஞ்சு எடுக்கத் திரும்பியதும் தலையணைக்குள் கொப்பளித்துவிட்டான். அப்புறம் கண்ணை மூடி, குறட்டை விட்டான். முகத்தின்மேல் ஒரு துணி வந்து விழுந்தது. சட்டை மேலேறியது. காரமும் புளிப்புமாக ஒரு நெடி நெருங்கி வந்தது. அந்த நெடிக்கே பாண்டுரங்கனின் மூக்கு நுனி வீங்குவதுபோல் இருந்தது. எழுந்து ஓடலாம். ஓடினால் ஆறு பேர். ஓடாவிட்டால் ஒரு பேர். அந்தக் கணக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. குறட்டை அழுகையாக மாறிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம்.

"கண்ணையா! டேய், கண்ணையா!"

"வாங்க சார், வாங்க," என்றான் கண்ணையன். "இன்னா சார் இந்த மழையில? ஏழாவது தயாரா கீது. குறி வெக்கறதுதான் பாக்கி."

"அதெல்லாம் கெடக்கட்டும். இங்க பாண்டுரங்கன்னு யாரையாவது சீரியஸா கொண்டாந்தாங்களா? அந்தத் துப்பறியற பொம்பள போன் பண்ணி, அவ ஆளு திண்டிவனத்துல சீரியஸா கெடக்கறான்னா. எங்கன்னு கேக்கறதுக்குள்ள லைன் போச்சு. பெரியாஸ்பத்திரியில இல்லன்னுட்டாங்க. அந்த ஆளு இங்க வந்து என் சம்பந்தத்தைக் கண்டுபிடிச்சுத் தொலைச்சானோன்னு எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"சீரியஸா யாரும் வரல சார்."

"அப்பாடா. சரி, இவனுக்கும் இடது பக்கம்தானே? வலது பக்கம் போட்டு வெச்சிடாதே. பார்த்த உடனே பொய்த் தழும்புன்னு ஜட்ஜுக்கே தெரியணும். தெரிஞ்சாத்தான் அந்தத் தீர்ப்பு நாறும். திங்கட்கிழமையோட முடிஞ்சுது, உன்னை வேற ஊருக்கு அனுப்பிடறேன்."

முகத்துணிக்குள் பாண்டுரங்கனின் கண்கள் உருண்டையாக விரிந்தன. இந்தக் குரல், இன்று காலை சைக்கிள் கடை மாடியில் 'அம்மா, அம்மா' என்று குழைந்த குரல்! கொள்ளையைக் கண்டுபிடி என்று அனுப்பிய ஆளே கொள்ளைக்காரன். இல்லை, கொள்ளைக்காரனும் இல்லை. தீர்ப்பைக் கொல்வதற்காக, மாட்டிக்கொள்ளவென்றே ஒரு கொள்ளையைத் தயார் செய்த ஆள்!

அதற்குள் மீசைக்காரர் ஆனந்தமாகக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "வாங்க சார்! நீங்களா! இந்த வாட்டியும் ஹார்லிக்ஸா? எங்களுக்கு பிஸ்கோத்து வாங்கியாரக் கூடாதா?"

பாண்டுரங்கன் முகத்துணியை இழுத்தெறிந்து எழுந்து உட்கார்ந்தான். எதிரே மழையில் நனைந்து சொட்டச் சொட்ட நின்றார் சீனுவாசன். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். மூடிமேல் எலுமிச்சம்பழம்.

"எனக்கா சார் வாங்கியாந்தீங்க?" என்றான் பாண்டுரங்கன். "கொடுங்க. காலையிலருந்து பட்டினி."

சீனுவாசன் துள்ளிப் பின்வாங்கினார். எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்து, பச்சைத் துணித் தடுப்புப் பக்கமாக ஓடியது. தடுப்புக்குக் கீழேயிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்தது.

தடுப்பை விலக்கிக்கொண்டு தையல்நாயகி வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் திண்டிவனம் சப் இன்ஸ்பெக்டர். அவருக்கும் பின்னால் அந்தோணிசாமி.

கண்ணையன் சட்டியை அள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் பாய்ந்தான். அந்தோணிசாமி அவனை மல்லாட்டை மூட்டையைப் பிடிக்கிற மாதிரி அலட்சியமாகப் பிடித்தார். பிடித்த பிடியில் சட்டி கவிழ்ந்து, சாறு முழுக்கக் கண்ணையனின் இரண்டு உள்ளங்கையிலும் கொட்டியது. 'ஐயோ, ஐயோ' என்று அவன் போட்ட சத்தம் செஞ்சிக் கோட்டையில் முட்டித் திரும்பி வந்தது.

"நான்... கம்பெனி விஷயமா... விசாரிக்கத்தான்..." என்று சீனுவாசன் ஆரம்பித்தார்.

"விசாரிக்க வர்றவன் நோட்டோட வருவான் சார்," என்றாள் தையல்நாயகி. "நீங்க ஹார்லிக்ஸோட வர்றீங்க. உங்க கையே உங்களைக் காட்டிக் குடுத்துது. காலையில என் மேஜைமேல வெச்ச அதே எலுமிச்சம்பழம், இங்க ஆறு ஸ்டூல்லயும் காஞ்சுபோய் உக்காந்துகினு இருந்துது. பாண்டு செத்துட்டான்னு போன் பண்ணியிருந்தா மாலையோட வந்திருப்பீங்க. சீரியஸ்னு மட்டும் சொன்னேன். நீங்கதான் வெறுங்கையோட வரமாட்டீங்களே."

சீனுவாசன் பாட்டிலைப் பாண்டுரங்கனின் கட்டில்மேல் வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் ஒரு அடி தள்ளி நின்றார். காலையில் பணிவாகச் சிரித்த முகத்தில் இப்போது ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"யாருக்காக சார் இதெல்லாம்?" அந்தோணிசாமி கேட்டார். சத்தம் போடவில்லை. "நான் ஒருத்தன் வாங்கினது அவ்ளோ பெரிய காசா?"

"உனக்குக் கொடுத்தா உன் பின்னாடி ஊரே வரும்யா!" என்று கத்தினார் சீனுவாசன்.

"வரட்டுமே. வயிறு இருக்கறவன் வருவான்."

கடைசிக் கட்டிலில் விருத்தாசலத்தின் மூச்சு ஒரு இழுப்பு இழுத்து அடங்கப் பார்த்தது. அந்தோணிசாமி கண்ணையனை சப் இன்ஸ்பெக்டரிடம் தள்ளிவிட்டு, விருத்தாசலத்தை ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஜீப் சீறிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியது. அது திரும்பி வரும்வரை யாரும் யாரிடமும் பேசவில்லை. பாண்டுரங்கன்கூட.

"ஊசி போட்டாச்சு. மூச்சு சீரா வருது. கண்ணைத் தொறந்துட்டாரு," என்று படியிலிருந்தே கத்தினார் அந்தோணிசாமி.

பாண்டுரங்கனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து, வெறும் தூளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு அழுதான்.

"யக்கா, அந்தத் தடுப்புக்குப் பின்னாடி நீங்க எப்ப வந்தீங்க?"

"எமகண்டம் முடியறதுக்கு முன்னாடியே. கரண்ட் போச்சு பாரு, அப்பவே, தடுப்புக்குப் பின்னாடி இருக்கற பின்படி வழியா."

"அப்பவேவா! குச்சி என் வவுத்துக்கிட்ட வந்துதே! ஒரு சொட்டு, ஒரே சொட்டு பட்டிருந்தா?"

"பட்டிருக்காது. எஸ்.ஐ. கை தடுப்புமேலயேதான் இருந்துது." தையல்நாயகி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீ எழுந்து ஓடுவேன்னுதான் நினைச்சேன் பாண்டு. ஓடியிருந்தா நான் திட்டியிருக்க மாட்டேன்."

பாண்டுரங்கன் இன்னொரு பிடி தூளை வாயில் போட்டுக்கொண்டான். சட்டையை இறக்கிவிட்டுக்கொள்ளப் போனான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த ஊதாக் கோட்டை அழிக்காதே. திங்கட்கிழமை வரைக்கும் குளிக்காதே."

"ஏன்க்கா?"

"தழும்பைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாரு அந்த ஜட்ஜு. ஆறு வயித்துல பொய்த் தழும்பு இருக்கு. இப்ப அப்பீல்ல அந்தத் தீர்ப்பு நிக்கறதுக்கு, தழும்பே இல்லாத ஒரு வயிறு வேணும். கோடு மட்டும் போட்ட வயிறு. மேனேஜர் வாயால சொன்னதைக் கேட்ட வயிறு."

பாண்டுரங்கனின் உயிர், சற்று முன்புதான் சொந்த இடத்தில் வந்து உட்கார்ந்த உயிர், மறுபடியும் எழுந்து முதுகுப் பக்கம் நகர ஆரம்பித்தது.

"ஹைகோர்ட்டுலயா? ரெண்டு ஜட்ஜுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"சட்டையைத் தூக்கணுமா?"